குன்றக்குடி வரைக்கும்

பதினோராம் கட்டில்.
சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்தால்
மாற்ற வேண்டியது என் வேலை.
நாற்காலியில் இருபது நிமிஷம் கண்ணயர்ந்தேன்.
இருபதோ, இருபத்தைந்தோ.

டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை.
"எப்படியும் விடியிற வரைக்கும் தாங்கியிருக்க மாட்டார்"
என்றார் நர்ஸம்மா, நோட்டில் கையெழுத்துப் போட்டபடி.
இறந்தவர் மனைவி மட்டும்
ஒரு கையில் வாளி, ஒரு கையில் ஃபிளாஸ்க்
வராண்டாவில் நின்று கேட்டாள்:
"ராத்திரி நீங்கதானே இருந்தீங்க?"

திட்டவில்லை. சும்மாதான் கேட்டாள்.
நன்றி சொல்வதற்காகக்கூட இருக்கலாம்.
அடுத்த வார்த்தைக்கு நான் அங்கே இல்லை.
துணி துவைக்கிற கொட்டகைக்குள் புகுந்து
பின்வாசலில் வெளியேறி
பகலெல்லாம் கண்மாய்க்கரைக் கருவேலம்புதரில் கிடந்து
இருட்டியதும்
காரைக்குடியை விட்டே ஓடினேன்.

தை மாசம். பூசத்துக்கு ஒரு வாரம்.
ரோடு முழுக்கப் பழனிக்குப் போகிற ஜனம்.
தனியாக ஓடினால் நாய் குரைக்கும்.
ஆயிரம் பேர் நடுவில் நடந்தால்
எவனும் பக்தன்தான்.
கோவிலூர் தாண்டி யாரோ புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார்கள்.
யாரோ "அரோகரா" என்றார்கள்.
வாயை மட்டும் அசைத்தேன்.
பஸ் ஏறாததற்குக் காரணம் பக்தி இல்லை,
கண்டக்டருக்கு என்னைத் தெரியும்.

குன்றக்குடி மலை
மயில் மாதிரி இருக்கும் என்பார்கள்.
அந்த இருட்டில்
அது மலை மாதிரிதான் இருந்தது.

அடிவாரத்தில் டியூப்லைட் கட்டிய பந்தல்.
ஓரமாய் உட்கார்ந்து ஒற்றைக் காலைத் தூக்கிப் பிடித்தபடி
ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.
வயிரவன் என்று பிற்பாடு தெரிந்தது,
தேவகோட்டையில் பெயின்ட் கடை.
"ஆஸ்பத்திரித் தம்பி, ஊசி இருக்கா?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.
நீலச் சட்டையைக் கழற்றவே இல்லை நான்.
ஓடிப்போகிறவன்
தன்னைப் போட்டுக்கொண்டே ஓடியிருக்கிறேன்.

பையில் ஊசி இருந்தது,
கொஞ்சம் பஞ்சு, பாதி ரோல் பிளாஸ்டர்.
பழைய எட்டணா அகலத்துக்குக் கொப்புளம்.
ஓரத்தில் லேசாகக் குத்தி
நீரை வெளியே விட்டு
தோலைப் பிய்க்காமல் அப்படியே அமுக்கி ஒட்டினேன்.
"அப்பாடி" என்றார்.
அதைக் கேட்டு இன்னொரு கால் வந்தது.
அதன் பின்னால் வரிசை.

விடியும்வரை நான் கண்மூடவில்லை.
அதைப் போய்ச் சொல்ல
பதினோராம் கட்டிலில் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் திரும்பினேன். மெமோ காத்திருந்தது.
தூங்கினேன் என்று எழுதிக் கொடுத்தேன்.
எட்டு மாதம் சம்பளம் இல்லை.
பிறகு மறுபடி அதே வார்டு, அதே இரவு.
நாற்காலியை நானே தூக்கி
வெளியே போட்டுவிட்டேன்.

வருஷம் பதினொன்று ஆகிறது.
தை வந்தால் லீவு போட்டு
பேசின், கல்லுப்பு, டெட்டால், ஊசி டப்பாவோடு
குன்றக்குடிக்கு வந்துவிடுவேன்.
அதற்கு அப்பால் ஓரடி போனதில்லை.
பழனி மலை எந்தப் பக்கம் என்று கேட்டால்
கால்கள் போகிற பக்கம் கை காட்டுவேன்.

திருவடி, திருவடி என்று உருகுகிறார்கள்.
என் மடிக்கு வருவதெல்லாம்
தார் ஒட்டிய அடி, முள் தைத்த அடி,
சர்க்கரையில் மரத்துப்போய்
கண்ணாடி குத்தியதும் தெரியாத அடி.
கழுவும்போது சில சமயம் உதடு அசைகிறது.
இப்போது சத்தமும் வருகிறது.

முகம் பார்ப்பதில்லை. பழக்கமாகிவிட்டது.
பயம் என்றும் சொல்லலாம்,
முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் நடுச்சாமத்தில் ஒரு ஜோடிக் கால்.
குதிகால் பாளம் பாளமாய் வெடித்திருந்தது.
இரண்டாம் விரலில்
மெட்டி கிடந்த இடம் மட்டும் வெளுப்பு.
தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டேன்.
போதும் என்றது குரல்.
கொஞ்ச நேரம் கழித்து, மேலேயிருந்து:
"ராத்திரி முழுக்க நீங்கதான் இருப்பீங்களா?"

எத்தனையோ பேர் கேட்கிற கேள்விதான்.

இருப்பேன் என்றேன்.
அடுத்த காலை நீட்டச் சொன்னேன்.